பன்னிரண்டு பேர் என்றால் முப்பத்தொன்று

மினிபஸ்ஸில் இடமில்லை என்று ஓட்டுநர் சொல்லும்போதுதான் அபூ ஸுஹைர் இன்னும் இரண்டு பேரைக் கைதட்டிக் கூப்பிடுவார். மடியில் ஒருவர், படியில் ஒருவர். "நெருக்கி உக்காந்தா பாதி ஊரு ஏறும்ப்பா" என்பார்.

ஜோர்டானின் இர்பித் நகரில் தண்ணீர் மீட்டர் பார்ப்பவர். எந்த வீட்டில் யார் இருமுகிறார்கள் என்பதுவரை தெரியும். போன வருடம் நகராட்சி இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்ப, 'இன்க்ளூசிவ்' என்ற சொல்லோடு திரும்பினார். யாரையும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்வது என்று பொருளாம். நடத்தியவர்களுக்கு அது பலகையில் எழுதும் சொல். இவரோ மதியச் சாப்பாட்டுக்கே வாயிற்காவலரையும் தேநீர் கொடுப்பவரையும் மேசைக்கு இழுத்து வந்துவிட்டார். பட்டியலில் அவர்கள் பெயர் இல்லையே என்றார்களாம். "பட்டியல் போட்டுட்டா அப்புறம் என்னத்த இன்க்ளூசிவ்?"

இப்படிப்பட்டவரைத் தலைவராக வைத்து என் மகனுக்குப் பெண் கேட்கப் போனேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். தெருவுக்கு மூத்தவர், வேறு வழியில்லை. பெண்ணின் அப்பா அபூ ஸஃப்வான், கூடம் சிறியது, பன்னிரண்டு பேர் வாருங்கள் என்றிருந்தார். வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து ஒரே மினிபஸ்ஸிலிருந்து முப்பது பேர் இறங்கினோம். முப்பத்தோராவது ஆள், பெண் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ரஷீத். ஒரு சுவருக்காக அபூ ஸஃப்வானோடு எட்டு வருடமாகப் பேச்சில்லை. தன் வாசலில் வேடிக்கை பார்த்தவரை, "நீயும் வாய்யா" என்று அபூ ஸுஹைர் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

காபி வந்தது. பெண் வீட்டார் சம்மதம் சொல்லும்வரை தலைவர் குடிக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அபூ ஸுஹைர் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் பெண் கேட்டார். அபூ ஸஃப்வான் ரஷீதைப் பார்த்தபடியே சொன்னார்: "அந்த ஆளு வெளிய போகட்டும். அப்புறம் குடிங்க."

நான் அபூ ஸுஹைரின் காலை மிதித்தேன். இவர் அசையவில்லை.

"கூட வந்தவங்கள்ல ஒருத்தர கழிச்சுட்டுக் கேக்கணும்னா, நான் கேக்கவே இல்ல ஹாஜி."

ரஷீதே எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார். முப்பத்தொரு சோடிக்குள் எங்கே கிடைக்கும்? அவர் குனிந்து துழாவுவதை அபூ ஸஃப்வான் வெகுநேரம் பார்த்தார்.

"வந்து உக்காருய்யா. என் வீட்டுக்கு வந்துட்டு காபி குடிக்காம எவன் போயிருக்கான்?" பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "குடிங்க. பொண்ணு இனி உங்க பொண்ணு."

எனக்கு மூச்சு வந்தது. அபூ ஸுஹைர் கோப்பையை உதடுவரை கொண்டுபோனார். அப்போது ஜன்னலுக்கு வெளியே, பஸ்ஸில் தனியாக உட்கார்ந்திருந்த ஓட்டுநர் அவர் கண்ணில் பட்டுவிட்டார்.

கோப்பை மறுபடியும் மேசைக்கு இறங்கியது.