பத்துக் குச்சிக் கட்டு

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனியில் லீவு விடுவதில்லை. பனியன்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து எரியும் கண்ணோடு வீட்டுக்குள் நுழைந்தேன். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் விளக்கமாற்றுக் குச்சிகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். பத்துப் பத்தாகக் கட்ட வேண்டுமாம். கணக்கு டீச்சருக்கு போட்டோ வேறு அனுப்ப வேண்டுமாம். கட்டுவதற்கு நான் கொண்டுவந்திருந்த வேஸ்ட் துணி நாடா. அதில் புதுத்துணியும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசம்.

எங்கள் பழைய லைன் வீடு முழுக்க இந்த வாசம்தான். மூட்டை மூட்டையாக வரும் பனியன்களுக்கு அம்மா பிசிறு வெட்டுவார். நான் டஜன் டஜனாக அடுக்கி நாடாவால் கட்டுவேன். எனக்கும் ஒருநாள் இதே குச்சிப் பாடம் வந்தது. எல்லாக் கட்டிலும் பன்னிரண்டு குச்சி வைத்துக் கொண்டுபோனேன். வகுப்பே சிரித்தது.

அழுதபடி வந்து சொன்னதும் அம்மா கத்திரியைக் கீழே வைத்தார். "இனிமே நீ கட்ட வேண்டாங் கண்ணு. அது படிக்கற கை," என்றார். அன்றிலிருந்து வெட்டுவதும் கட்டுவதும் அவரேதான். ஆனாலும் நான் வந்து சேர்ந்தது பனியன் கம்பெனியின் செக்கிங் மேசைக்குத்தான்.

"கட்டு லூசா இருக்குது, இங்க குடு கண்ணு," என்று மகளிடமிருந்து வாங்கி, அவிழ்த்து, நானே அடுக்கி இறுக்கிக் கட்டிக் கொடுத்தேன். அவள் எண்ணிப் பார்த்தாள். பிறகு இரண்டு குச்சிகளை உருவிக் கீழே வைத்தாள்.

"பத்து போதும்மா. நீ போய்ப் படு."