வேண்டாம் என்று பாடுகிறவன்

ஹோட்டலின் அடித்தளத்தில் இருக்கிற சலவை அறையில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவர் அவர். எல்லோரும் அவரை 'துரை' என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கிலீஷில் ஒரு எழுத்து தெரியாது, ஆனால் கேட்பதெல்லாம் இங்கிலீஷ் பாட்டு. அதுவும் கிட்டார் அலறுகிற பழைய ராக் பாட்டு. மேலே அறையில் தங்கிய எவரோ மறந்துவிட்டுப் போன ஒரு பெட்டி கேசட், யாரும் தேடி வராமல் அவர் கைக்கு வந்து சேர்ந்திருந்தது.

பாட்டுதான் அவருக்குக் கடிகாரம். மெதுவான பாட்டு ஒன்றுக்கு நாலு விரிப்பு. டிரம் அடித்து நொறுக்கினால் தலையணை உறை.

"அர்த்தம் தெரியாம என்னத்தண்ணே கேக்குறீங்க?" என்பார் சலவை மிஷின்காரர்.

"மெட்டு சொல்லுதே, அது போதாதா?" என்பார் துரை.

மெட்டு திரும்பிப் பார்க்காமல் ஓடினால் பாடுகிறவன் ஊரை விட்டுப் போகிறான். ஒரே இடத்தில் முட்டி மோதினால் கோபம் இன்னும் ஆறவில்லை. இப்படி ஒவ்வொரு பாட்டுக்கும் அவரே அர்த்தம் வைத்திருந்தார். அதில் ஒன்று, மனைவி தவறிப்போனதிலிருந்து தினமும் போடுகிற பாட்டு. மெட்டு படிப்படியாக ஏறும், கடைசிப் படியில் கால் வைக்காமல் நின்றுவிடும், பிறகு மெல்ல இறங்கிவிடும். யாரும் இல்லையே என்று ஒருத்தன் அழுகிறான் என்பது அவர் முடிவு.

வீடு என்பது ஒற்றை அறை. கழுவுவதற்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர். பேசுவதற்கு போன்.

மகள் வேறு ஊரில் இருந்தாள். மூன்று மாதத்துக்கு முன்னால் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. போனில் வந்த பேத்தியின் படத்தை, விரல் பட்டால் அழிந்துவிடுமோ என்று ஓரத்தைப் பிடித்துக்கொண்டே பார்ப்பார். என்ன மூக்கு, என்ன முழி! ஒரு தடவை மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று உயிர் துடித்தது. ஆனால் வாய் விட்டுக் கேட்டதில்லை. சின்ன வீடு, சம்பந்தியம்மா வேறு இருக்கிறார், அவர்களாகக் கூப்பிடட்டும் என்று இருந்தார். எப்படி இருக்கீங்க என்று மகள் கேட்டால் ஒரே பதில்தான்: "எனக்கென்னம்மா, ராஜாவாட்டம் இருக்கேன்."

ஒரு மத்தியானம் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது மகள் கூப்பிட்டாள். பாப்பா முதல் தடவையாகக் குப்புற விழுந்துவிட்டாளாம். சொல்லி முடித்துவிட்டு, "அங்க என்னப்பா பாட்டு?" என்றாள்.

"யாருமில்லாதவன் அழறான்மா."

அவள் கொஞ்ச நேரம் கேட்டாள். சிரித்துவிட்டாள். "அழலைப்பா. எனக்கு யாரும் வேண்டாம், நான் ஜாலியா இருக்கேன்னு பாடுறான்."

துரை அப்படியே அழுக்குத் துணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷம் ஜாலியாக இருந்தவனுக்கா துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தோம்? ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மிஷின்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

துரைக்கு மனசு ஒப்பவில்லை. "நல்லா கேளும்மா. வேண்டாம்னு சொல்ற இடத்துல குரல் ஏன் இறங்குது? ஜாலியா இருக்கிறவன் கடைசிப் படியில வந்து நிப்பானா?"

கேசட்டைப் பின்னால் சுழற்றி மறுபடி போட்டார். பாட்டு முடிகிற வரைக்கும் மகள் கேட்டாள்.

"நிக்கிறான்தான்பா. வாய்தான் வேண்டாம்ங்குது."

பிறகு, "நீங்க எப்படிப்பா இருக்கீங்க?" என்றாள்.

"எனக்கென்னம்மா, ராஜா..." என்று ஆரம்பித்தவருக்குத் தன் குரல் இறங்குவது தன் காதிலேயே விழுந்தது. நிறுத்திக்கொண்டார்.

"பாப்பாவைப் பாக்கணும்மா."

"இதைச் சொல்றதுக்கு மூணு மாசமா? ராஜாவாட்டம் இருக்கேன்னீங்க, நானும் நம்பிட்டேன். அத்தை இருபது நாள்ல கிளம்பிடுவாங்க. அப்ப வர்றீங்களா? இப்ப படுக்க இடமில்லை."

சரிம்மா என்று சொல்லத்தான் வாய் போனது. பழகிய வாய்.

"இருபது நாள் ரொம்ப ஜாஸ்திம்மா," என்றார்.

கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைத்தபடி ஒரு விரிப்பின் மடிப்பை நீவினார்.

"ஞாயித்துக்கிழமை வாங்க. சமையல்கட்டுலதான் பாய் போடணும்."

"நின்னுக்கிட்டே தூங்குவேன்," என்றார் துரை.