சோலாருக்கு விட்ட லீவு

கரண்டுக்கு நாம் காசு கட்டுவதுதான் வழக்கம். கரண்டுக் கந்தோர், அதாவது மின்சார ஆபீஸ், நமக்குக் காசு கட்டும் என்றால் யார் நம்புவார்கள்? காளியாயி நம்பவில்லை. தோட்டத்து லய வீட்டை விட்டு வந்து, லிந்துலைக்கு மேலே ஏழு பேர்ச் காணியில் கட்டிய வீட்டின் கூரையில் வெயிலில் கரண்டு எடுத்துக் கந்தோருக்கு அனுப்பும் பத்து சோலார்த் தகடுகளை ஏற்றியபோதும் நம்பவில்லை. தை மாதம் பேங்கில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் விழுந்தபோதும் நம்பவில்லை. முப்பத்தொரு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவள். மழையில் நனையாமல், அட்டைக் கடி வாங்காமல் வரும் காசு அவளுக்கு ஏதோ தப்புக் காசாகவே பட்டது.

தகடுகளுக்குப் பணம் அனுப்பியவள் மகள் ஜெயந்தினி. குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை. போய் ஆறு வருடமாகிறது. "வைகாசில அக்ரிமெண்ட் முடியுதும்மா. சோலார்க் காசு மாசம் தவறாம வருதான்னு பாத்துட்டு வந்துடுறேன்" என்று போனில் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து காளியாயி காலையில் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன் சுவரிலிருக்கும் இன்வெர்ட்டர் பெட்டியைத்தான் பார்ப்பாள். அதில் பச்சை விளக்கு எரிந்தால் மகள் வருகிறாள் என்று அர்த்தம்.

குழப்பத்துக்கு மட்டும் குறைவில்லை. பனி மூடிய ஒரு நாள் கடைக்கார ரிஸ்வியிடம் ஓடினாள்.

"தம்பி, இன்னிக்கு வெயிலே இல்ல. அரைப்பேர் போட்டுருவாங்களா?"

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது கிலோ குறைந்தால் அரை நாள் சம்பளம்தான். அதற்குப் பெயர் அரைப்பேர். ரிஸ்வி சிரித்துவிட்டார். "சோலாருக்கு ஏதுக்கா அரைப்பேர்? ஏறுன யூனிட்டுக்குக் காசு, அவ்வளவுதான்."

சித்திரை வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் முன்பு போனில் சிங்களத்தில் ஒரு செய்தி வந்தது. அதையும் ரிஸ்விதான் வாசித்துச் சொன்னார். "லீவுல ஃபெக்டரி, கந்தோர் எல்லாம் மூடியிருக்கும், கரண்டு மிஞ்சிப் போகுமாம். லீவு முடியிற வரைக்கும் சோலார நிப்பாட்டி வைக்கச் சொல்றாங்க."

சூரியனுக்குமா லீவு? காளியாயிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனாலும் சொன்ன சொல்லைத் தட்டி அவளுக்குப் பழக்கமில்லை. சுவிட்சைக் கீழே தள்ளினாள். பச்சை விளக்கு அணைந்தது.

லீவு முடிந்தது. கடைகள் திறந்தன, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். சுவிட்சைப் போடச் சொல்லி மட்டும் யாரும் வரவில்லை. நிறுத்தச் சொன்னவர்கள்தானே போடவும் சொல்ல வேண்டும்?

அவள் பயத்துக்கும் காரணம் இருந்தது. பத்தொன்பது வயதில், தீபாவளி லீவு முடிந்த மறுநாள், ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் நேரே மலைக்குப் போய்க் கொழுந்தெடுத்தாள். பதினான்கு கிலோ. "ஒன்ன யாரு எறங்கச் சொன்னது?" என்ற கணக்கப்பிள்ளை, கொழுந்தை வாங்கிக்கொண்டு சம்பளத்துக்குப் பேர் போடாமல் அனுப்பிவிட்டார். சூடு கண்ட பூனை மறுபடி அடுப்பங்கரைக்குப் போகுமா?

"புதுசா செய்தி ஏதும் வந்திருக்கா தம்பி?" என்று ரிஸ்வியிடம் தினமும் போனை நீட்டுவாள். "ஒன்னும் இல்லக்கா" என்பார் அவர். எதற்குக் கேட்கிறாள் என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

வைகாசி பிறந்ததும் மீட்டர் பார்க்கும் கஜேந்திரன் வந்தான். மீட்டரைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், பிறகு காளியாயியைப் பார்த்தான்.

"என்னம்மா, ஒரு மாசமா ஒன்னுமே ஏறல? பழுதா?"

"பழுதெல்லாம் இல்ல தம்பி. நிப்பாட்டி வச்சிருக்கேன்."

"லீவு முடிஞ்சு எத்தன நாளாச்சு! ஏன் போடல?"

"யாரும் போடச் சொல்லலியே."

அவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சுவிட்சை அவனே மேலே தள்ளினான். "நம்ம வீட்டுச் சுவிட்சப் போட யார்கிட்டம்மா கேக்கணும்?" என்றான். அந்தக் கேள்வியும் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியது ஒன்றுதான். இந்த மாதம் காசு வராது.

அன்று மாலை மகளுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். "கெடுத்துட்டேன் புள்ள. இனி நீ எப்பிடி வருவ?"

அந்தப் பக்கம் ஏதோ விட்டு விட்டுச் சத்தம் கேட்டது.

"சிரிக்கிறியா?"

"இல்லம்மா. நானும் ஒங்களப் போலத்தான் உக்காந்திருக்கேன். இன்னும் ரெண்டு வருசத்துக்கு அக்ரிமெண்ட் பேப்பரக் குடுத்திருக்காங்க. கையெழுத்துப் போடவும் மனசில்ல, கிழிக்கவும் மனசில்ல." என்றாள் ஜெயந்தினி. "ஆறு வருசத்துல ஒருதடவகூட நீங்க என்ன வான்னு சொல்லலியேம்மா."

சம்பாதிக்கப் போன பிள்ளையை வா என்று கூப்பிட நமக்கு என்ன உரிமை என்றுதான் காளியாயி இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"வந்துரு புள்ள" என்றாள். "காசு வந்தாலும் சரி, வராட்டியும் சரி. வந்துரு."

இவ்வளவு சின்னச் சொல்லை ஆறு வருடம் ஏன் சொல்லாமல் வைத்திருந்தோம் என்பதுதான் அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.