பஞ்சு வைத்த கிராங்க் கேஸ்

என் அக்கா ஜெய்னம்புவின் புருஷன் ஹனீபுக்குக் கோபம் வந்தால் சத்தமே இருக்காது. கையில் இருக்கிற ஸ்பேனரைத் துணியால் துடைப்பார், பெட்டிக்குள் வைப்பார், பெட்டியை மூடிவிடுவார். அதோடு சரி. அதன்பிறகு நீங்கள் தலைகீழாக நின்றாலும் உங்கள் இன்ஜினைத் தொடமாட்டார். நான் அப்படி இல்லை, கத்தித் தீர்த்துவிடுவேன். பழவேற்காட்டில் அவர் கடைக்குப் பக்கத்திலேயே நான் இறால் வியாபாரம் செய்துகொண்டிருந்ததால், எத்தனை தடவை அந்தப் பெட்டி மூடியது என்று எனக்குத் தெரியும். துலுக்காணத்தின் மோட்டார் வந்த வாரம் அதற்கு ஓய்வே கிடையாது.

மச்சான் பொன்னேரி பஸ் ஷெட்டில் தொழில் கற்றவர். ஆரணிப் பக்கத்து விவசாயிகளின் பம்ப்செட் இன்ஜின் எதுவானாலும் காதைக் கொடுத்தே நோயைச் சொல்லிவிடுவார். படகின் பின்னால் மாட்டுகிற மோட்டாரை அவர் பிரித்துப் பார்த்தது 1973-ல், துலுக்காணம் கொண்டுவந்தபோதுதான். மெட்ராஸில் பழைய சாமான் கடையில் கிடந்ததை வாங்கி வந்திருந்தான். பெயின்ட் உரிந்து, பெயர்ப் பலகையும் இல்லாமல் இருந்தது.

துலுக்காணம் ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குப்பத்துக்காரன். அவன் தம்பிகள் இரண்டு பேரும் எண்ணூர் அனல்மின் நிலையத்தில் கரி அள்ளப் போய்விட்டார்கள். வலை ஏற்றிய படகை எதிர்நீரில் தனியாளாகக் கோல் போட்டுத் தள்ள முடியுமா? தம்பிகளுக்குப் பதிலாகத்தான் இந்த மோட்டார். முகத்துவாரத்தில் யார் எந்த நாளில் வலை போடுவது என்பதைக் குப்பத்தில் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். உன் பாடு வருகிற நாளில் விடிவதற்குள் நீ வந்து வலை இறக்கவில்லை என்றால் அது அடுத்தவனுக்கு. அடுத்தடுத்து இரண்டு பாடு தவறினால் சீட்டிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். போன சுற்றில் மோட்டார் நடு ஏரியில் நின்று துலுக்காணத்துக்கு ஒரு பாடு போயிருந்தது. மறுபடி அவன் பாடு அந்த வாரச் சனிக்கிழமை.

"இந்தத் தபாவும் போச்சுன்னா நானும் கரி அள்ளத்தான் போவணும் பாய்," என்றான். அவன் பெண்சாதி அஞ்சம்மாள் பக்கத்தில் நின்று மோட்டாரை முறைத்துக்கொண்டிருந்தாள்.

இழுத்தால் இருமும், கொஞ்சம் ஓடும், நின்றுவிடும். மச்சான் பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரைக் கழுவினார். கடைசியில் கிராங்க் கேஸைப் பிரித்தார். இரண்டு பாதியாகச் சேர்த்துப் போல்ட் போட்ட பெட்டி அது. பம்ப்செட்டில் பழகிய கை சும்மா இருக்குமா, நடுவில் ஒரு அட்டையைப் பேக்கிங்காக வெட்டி வைத்து முறுக்கினார். இப்போது மோட்டார் ஓடியது, ஆனால் உள்ளே கடகடவென்று இடித்தது. அட்டையின் கனத்துக்குப் பாதிகள் விலகி, பேரிங் பிடிப்பில்லாமல் ஆடுகிறது என்று புரிய அவருக்கு ஒரு பொழுது போயிற்று. ஸ்பேனர் பெட்டி மூடியது.

"இதுக்கு நடுவுல ஒண்ணுமே வெக்கக் கூடாது," என்று மறுநாள் எனக்குச் சொன்னார். "பம்ப்செட்டுன்னா இந்தப் பொட்டில ஆயில் நிக்கும். இதுல இதுதான் துருத்தி. பெட்ரோல் காத்த உள்ள இழுத்து அமுக்கி மேல அனுப்புது. மயிரிழை சந்து இருந்தாலும் காத்து பூடும்."

கிழிந்த துருத்தியை வைத்துக்கொண்டு உலை ஊத முடியாது, அது எனக்கும் தெரியும். அப்படியானால் எதை வைத்து அடைப்பது? அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த செல்லாக் என்ற பசையைப் பொன்னேரியிலிருந்து வாங்கி வந்தார். வெள்ளிக்கிழமை காலையில் பாதிகள் ஒன்றோடொன்று ஒட்டுகிற இரண்டு முகத்தையும் கண்ணாடி போலத் துடைத்து, மெலிசாக, வெங்காயத் தோல் கனத்துக்குப் பூசிப் பூட்டினார். "ஒருத்தரும் தொடாதீங்க. இது காயட்டும்," என்று சொல்லிவிட்டு ஜும்மா தொழுகைக்குப் புறப்பட்டார். நானும் கூடப் போனேன்.

அங்கேதான் வினை. துலுக்காணம் ஒன்றும் சோம்பேறி இல்லை. சோம்பேறியாக இருந்திருந்தால் எல்லாரும் பிழைத்திருப்போம். பிறந்ததிலிருந்து படகின் பலகைச் சந்துகளில் பஞ்சுத் திரியைச் செருகி, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தை வார்த்து, கலப்பத்து அடித்தே வளர்ந்தவன். சந்து என்றால் அடைக்க வேண்டும், நிறைய அடைக்க வேண்டும். வெங்காயத் தோல் பசையை நம்பி ஏரியில் இறங்க அவன் நெஞ்சு ஒப்பவில்லை. பாய் திரும்புவதற்குள் போல்ட்டைத் தளர்த்தி, உளியை விட்டு நெம்பி, சுற்றிலும் பஞ்சு வைத்து, குங்கிலியம் தடவி, மறுபடி முறுக்கி, மேலே வழிந்ததைச் சுரண்டி வைத்துவிட்டான். பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

சாயங்காலம் மோட்டாரைத் தண்ணீர்த் தொட்டியில் மாட்டிக் கயிற்றை இழுத்தார்கள். இருமியது, கொஞ்சம் ஓடியது, நின்றது. மறுபடியும் இழுத்தார்கள். மச்சானின் சட்டை நனைந்துபோனது. கடைசியில் போல்ட்டைக் கழற்றிப் பாதியைத் தூக்கினார். கருத்த பஞ்சு நூலோடு வந்தது.

"இன்னாய்யா இது?"

"நான்தான் பாய். இத்தினியூண்டு தடவிக்கினு போனா காத்து எப்டி நிக்கும்? எனக்கு மனசு கேக்கல."

"இது இன்னா படகா? கலப்பத்து அடிக்கறதுக்கு?"

பஞ்சைக்கூட அவர் பொறுத்திருப்பார். ஆனால் பாதியின் ஒட்டு முகத்தில் விரலை ஓட்டியபோது உளி நெம்பிய இடத்தில் பள்ளம் தட்டுப்பட்டது. ஸ்பேனரைத் துடைத்தார், பெட்டியில் வைத்தார், மூடினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் துலுக்காணத்தை நாலு வார்த்தை கேட்டுவிட்டேன். அவன் குனிந்து பஞ்சைப் பொறுக்கினான். அஞ்சம்மாள்தான் பேசினாள்.

"பாய், விடிஞ்சா எங்க பாடு. அந்தப் பொட்டிய மட்டும் தொறந்துடு."

மச்சான் அவளைப் பார்த்தார், பெட்டியைத் திறந்தார். வீட்டுக்குள் போய், கல்யாணத்துக்கு எங்கள் வாப்பா கொடுத்த நிலைக்கண்ணாடியைத் தூக்கி வந்து தரையில் படுக்கவைத்தார். பள்ளம் போக வேண்டுமானால் முகத்தைச் சமமாகத் தேய்க்க வேண்டும். அதற்குக் கண்ணாடியைப் போல மட்டமான இடம் எங்கள் தெருவில் வேறு இல்லை.

"மூஞ்சி பாக்க இந்த ஊட்டுல அது ஒண்ணுதான் இருக்கு," என்றாள் அக்கா. ஆனால் தடுக்கவில்லை.

கண்ணாடி மேல் கிரைண்டிங் பேஸ்ட்டைத் தடவி, அலுமினியப் பாதியை வைத்து வட்டம் வட்டமாகத் தேய்த்தார். அவர் கை ஓய்ந்தபோது துலுக்காணம் தேய்த்தான். அவசரப்பட்டு ஒரு பக்கம் அழுத்தாதே என்று சொல்லிச் சொல்லி மச்சானின் தொண்டை கட்டியது. விளக்கு வைத்தபிறகும் பள்ளம் முழுதாகப் போகவில்லை. போதும் பாய், பூட்டு என்று துலுக்காணம் கெஞ்சினான். அரைகுறையாகப் பூட்டினால் நடு ஏரியில் நிற்கும், நின்றால் உன் பாடும் போகும் என் பேரும் போகும் என்றார் இவர். இரண்டு பேரும் சொன்னது நியாயம்தான். அதுதான் எரிச்சலே.

பள்ளம் மறைந்து, செல்லாக் பூசிப் பூட்டி, அது காய்ந்து முடிவதற்குள் பஜர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். கிழக்கு வெளுத்திருந்தது. முகத்துவாரத்தில் துலுக்காணத்தின் இடத்தில் அடுத்த சீட்டுக்காரன் திருமலை வலையை இறக்கியிருப்பான். யாரும் போய்ப் பார்க்கத் தேவையில்லை.

துலுக்காணம் கயிற்றை இழுத்தான். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. இருமல் இல்லை, இடி இல்லை, சீராக ஓடியது. எங்களில் ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு வரவில்லை.

அவன் நாஷ்டாகூடச் சாப்பிடவில்லை. படகில் மாட்டி, கால்வாய் வழியாகத் தெற்கே எண்ணூருக்கு விடப்போவதாகச் சொன்னான். தம்பிகள் அங்கே மின் நிலைய கேட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அஞ்சம்மாள் அவன் மாற்று வேட்டியை மடித்துக் கொடுத்தாள். வழியில் கோளாறு பண்ணினால் பார்க்க ஆள் வேண்டுமே என்று மச்சானும் ஏறிக்கொண்டார். பெட்டியையும் எடுத்துக்கொண்டார்.

பொழுது சாய்ந்தபிறகு படகைத் தானே ஓட்டிக்கொண்டு தனியாகத் திரும்பி வந்தார். துலுக்காணத்துக்கு வேலை கிடைத்துவிட்டதாம். அக்கா தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, மோட்டார் எப்படி ஓடியது என்று கேட்டாள்.

"போறப்போ பூராவும் அந்த மோட்டார் மூட்டு மேல கைய வெச்சிக்கினே இருந்தேன். சந்தே இல்ல," என்றார். சோற்றைப் பிசைந்தார், வாயில் வைக்கவில்லை.

"ஒரு தபா நின்னிருந்தாகூட நானே திரும்பலாம்னு சொல்லியிருப்பேன். அவனும் கயிறப் புடிச்சிக்கினு அதத்தான் பாத்துக்கினு இருந்தான். நிக்கவே இல்ல."