பிரேக் பிடிக்காத ஜீப்பில் ஒரு ரேடியோக்காரர்

போடிமெட்டிலிருந்து இறங்கிய ஜீப்பில், எனக்கும் கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கும் எதிரே அவர் உட்கார்ந்திருந்தார். நரைத்த நீள முடியைப் பின்னால் கட்டியிருந்தார். ரேடியோவில் ராக் பாட்டுப் போடுகிறவராம். அந்த இசையைப் பற்றிப் புத்தகங்களும் எழுதியிருக்கிறாராம். அடுத்த பாட்டை அறிவிப்பதுபோல ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவையும் அறிவித்துக்கொண்டே வந்தார். ஏலத்தோட்டத்துப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மட்டும் எப்போது வாயை மூடுவார் என்றிருந்தது.

திடீரென்று டிரைவர், "பிரேக்கு பிடிக்கலயே!" என்று அலறினார். என் மகள் வெளியே குதிக்க எழுந்துவிட்டாள்.

"நேயர்களே, யாரும் எந்திரிக்கக் கூடாது! நம்ம டிரைவர் அண்ணே இப்ப கியர்லயே டிரம்ஸ் வாசிக்கப் போறாரு. ஆத்தா, கம்பியப் பிடிங்க! பாப்பா, உக்காரு, நீதான் கோரஸ்!"

அவர் குரல் துளியும் மாறவில்லை. அவள் உட்கார்ந்துவிட்டாள். டிரைவர் கியரைக் குறைத்துக் குறைத்து, வண்டியை மலைப்பக்க மண்மேட்டில் உரசி நிறுத்தினார்.

"ஏப்பு, அந்நேரத்துலயும் வாய மூட மாட்டீகளா?" என்றார் ஒரு பெண்.

"ரேடியோவுல நான் வாய மூடுனா கேக்குறவுக வேற ஸ்டேஷனுக்குப் போயிருவாக ஆத்தா. இங்க மூடியிருந்தா நீங்க வெளிய குதிச்சிருப்பீக."

சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்த்தார். மூடியைத் தப்பான பக்கமே திருகிக்கொண்டிருந்தார். என் மகள்தான் திறந்து கொடுத்தாள்.

இப்போது தினமும் காலையில் அவள் அவருடைய நிகழ்ச்சியை வீடே அதிர வைக்கிறாள். குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஒரு பாட்டு முடிந்து அவர் குரல் வரும்வரை மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.