கடைசி டிஸ்க் மச்சானிடம் இருக்கிறது

நீங்கள் எல்லோரும் உயிரை விடுகிற அதே ஜப்பான் கார்ட்டூன் சண்டைத் தொடர்தான்.

துபாயில் இருக்கும் மச்சான், அதாவது என் அக்கா லாத்தாவின் கணவர், லீவில் ஊருக்கு வருகிறவர்களிடம் அதை ஒவ்வொரு டிஸ்க்காகக் கொடுத்தனுப்புகிறார். இன்று வந்த டிஸ்க்கைப் புதுமடத்தில் லாத்தா வீட்டில் போட்டுப் பார்த்தோம்.

சண்டையை வரைந்திருப்பதில் குறையே இல்லை. அங்கே அடி விழுந்தால் இங்கே விலா வலிக்கிறது. வில்லன் கதைக்கு உம்மாவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் ஹீரோ கையை ஓங்கினால் போதும், அவனுடைய சின்ன வயசுக் கதை முழுவதும் வந்துவிடுகிறது. இன்றும் ஓங்கிய கையோடு டிஸ்க் முடிந்தது.

"போன டிஸ்க்குலயும் இப்பிடித்தானே நின்னான்" என்றார் உம்மா.

மச்சானுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"கடைசி டிஸ்க்க யார்ட்டயும் குடுக்கல மாப்ள. பெருநாளைக்கு நானே கொண்டு வாரேன்" என்றார்.

போன பெருநாளைக்கும் வருவதாகத்தான் சொல்லியிருந்தார்.

லாத்தா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முடிவ போன்லயே சொல்லிறச் சொல்லு. மனுசன் மட்டும் வந்தாப் போதும்."

ஸ்பீக்கரில் மச்சானுக்கும் அது கேட்டிருக்கும். லைன் இன்னும் கட்டாகவில்லை.

தொடரின் முடிவு தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். லாத்தாவிடம் நான் என்ன சொல்வது என்று தெரிந்தவர்கள் முதலில் எழுதுங்கள்.