மலர்வும் உதிர்வும் எழுதாத படம்

"…படத்தை இஞ்சயே வைச்சிட்டு வாங்கோ எண்டுதான் சொல்லுறன், எறியச் சொல்லேல்லை. பிறத்தியாற்ற செத்தவீட்டை எங்கட முன்னறைக்குள்ள கொண்டுவந்து வைக்கேலாதப்பா," என்றாள் என் மனைவி.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் படங்களுக்குப் பிரேம் போடும் கடை வைத்திருந்தேன். கட்டடத்தை இடித்து ஃபிளாட் கட்டப் போகிறார்கள். இனித் தெஹிவளையில் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. சாமான் எல்லாம் லொறியில் ஏறிவிட்டது. மிஞ்சி நின்றது, செத்துப்போன ஒருவரின் அந்த ஒரு படம்.

மூன்று மாதத்துக்குள் எடுக்காத பொருளுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று சுவரில் ஒட்டித்தான் இருந்தேன். அது கண்ணாடிக்கும் மரத்துக்கும் சரி. எடுக்காத சாமிப் படங்களைக் கோயிலில் கொடுத்தேன். பட்டமளிப்புப் படக்காரர்களுக்கு ஃபோனில் கோல் எடுத்ததும், "ஐயோ அண்ணை, மறந்தே போனன்" என்று ஓடி வந்தார்கள். என் அனுபவத்தில், "ஒருக்கா வாறன்" என்று இழுக்கிறவர்கள் எப்படியும் வந்துவிடுவார்கள். "நாளைக்குக் காலமை கட்டாயம் வாறன்" என்கிறவர்களிடம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

இந்தப் படத்தைத் தந்த பெண்ணும் அப்படித்தான் சொன்னாள். பக்கத்து லொட்ஜில் தங்கியிருந்தாள். தகப்பனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன் படம் வேண்டுமாம். பிறந்த திகதி சேர்ட்டிபிக்கட்டில் ஒன்று, சாதகத்தில் ஒன்று. லண்டனில் இருக்கும் தமையனிடம் கேட்டு, பேரையும் திகதிகளையும் சேர்த்துத் தருகிறேன் என்றாள். அதனால் கீழே பிறப்புக்கு மலர்வு, இறப்புக்கு உதிர்வு என்ற இரண்டு சொற்களை மட்டும் போட்டு, மிச்சத்தை வெறுமையாக விட்டேன்.

பிறகு அவள் வரவேயில்லை. அவள் தந்த நம்பர் பாவனையில் இல்லை என்று மூன்று பாஷையிலும் பதில் சொன்னது. லொட்ஜ் முதலாளிக்கும் அவள் எயார்போர்ட்டுக்குப் போனது மட்டுமே தெரியும். பேப்பரில் போடலாம் என்றால், எந்தப் பேரைப் போடுவது? அந்தியேட்டியும் போய், ஆண்டுத் திவசமும் போயிருக்கும். கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளைச் சேர்ட்டோடு, யாரோ கூப்பிட்டதும் திரும்பியவர் மாதிரி அந்த மனுசன் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

வீட்டுக்குக் கொண்டுபோனால் மனைவி விடமாட்டாள். அவள் சொல்வதிலும் பிழையில்லை. கோயில் ஐயரும் முடியாது என்றுவிட்டார். இங்கேயே விட்டால், நாளைக்கு இடிக்க வருகிறவர்கள் கல்லோடு கல்லாக அள்ளிக்கொண்டு போவார்கள். படத்தை எடுப்பதும் திரும்பச் சுவரோடு சாத்துவதுமாக நின்றேன். லொறிக்காரர் ஹோன் அடித்தார்.

மனைவி என்னையும் பார்த்தாள், படத்தில் இருந்தவரையும் பார்த்தாள். லொறியில் ஏற்றியிருந்த பிளாஸ்டிக் ஸ்டூலை இறக்கி வந்து வாசலில் போட்டாள். சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துப் படத்தைத் தன் பக்கத்தில் நிறுத்தினாள்.

"நீங்கள் லொறியோட போங்கோ. நான் பொழுதுபடுமட்டும் இருந்து பாக்கிறன், ஆரும் வந்தாலும் வருவினம்," என்று சொல்லிவிட்டு, காலி வீதிப் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்தாள்.